இருட்டில் வைத்த வெள்ளை

பெயின்ட்டக்காவை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்களாம். யார் துரத்தினார்கள்? மாடிவீட்டுக்காரி பார்த்தாளா? இஸ்திரிக் கடைக்காரர் பார்த்தாரா? அவர் தலை நிமிர்ந்து தெருவைப் பார்ப்பதே, கருகிப்போன சட்டையைத் தூக்கிக்கொண்டு யாராவது சண்டைக்கு வரும்போதுதான். நாக்கில் நரம்பில்லாமல் ஆளுக்கொன்று பேசித் திரிகிறார்கள். பெயின்ட்டக்கா ஆய்வுக்கூடத்தில் பொய் அளவு எழுதி மாட்டிக்கொண்டாள் என்று ஒருத்தி. கம்பெனிக்காரனிடம் கை நீட்டி வாங்கிவிட்டாள் என்று இன்னொருத்தி. அதற்குக் கண் காது மூக்கு வைத்து, போலீஸ் வண்டி வந்து வாசலில் நின்றது என்று மூன்றாவது ஒருத்தி. வந்து நின்றது குப்பை வண்டி. அதுவும் தினமும் வந்து நிற்கிற வண்டிதான்.

ஒருவரும் அவளைத் துரத்தவில்லை. இருக்கச் சொன்னார்கள். அவள் இத்தனை வருஷமாக எதைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனாளோ, அதையும் கொடுத்தார்கள், அச்சடித்தே கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் கிளம்பினாள். ஏன் கிளம்பினாள் என்று பேச வேண்டுமானால், முதலில் அவள் என்ன வேலை பார்த்தாள் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காரலாம். ஒன்றும் குறைந்துவிடாது.

அவள் வேலை பார்த்தது பூச்சுகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில். பூச்சு என்றால் சுவருக்கும் கதவுக்கும் இரும்புக்கும் அடிக்கிற பெயின்ட்தான். டப்பாவுக்குள் இருக்கும்போது எல்லாப் பெயின்ட்டும் நல்ல பெயின்ட். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எல்லா மாப்பிள்ளையும் சாதுவாக இருப்பதைப் போல. வெயிலும் மழையும் பட்டால்தான் குணம் தெரியும். அந்தக் குணத்தைப் பார்ப்பதற்கென்றே ஆய்வுக்கூடத்தின் மொட்டைமாடியில் இரும்புச் சட்டங்களைச் சூரியனைப் பார்க்கச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். சட்டம் நெடுகத் தகடுகள். ஒரு தகட்டுக்கு ஒரு பெயின்ட். வருஷக்கணக்கில் அவை அங்கேயே காயும், நனையும், மறுபடி காயும்.

அவள் மாடிக்குப் போய் விரலில் கறுப்புத் துணியைச் சுற்றித் தகட்டின்மேல் ஒரு இழுப்பு இழுப்பாள். துணியில் வெள்ளையாக மாவு ஒட்டினால் பூச்சு வெயிலில் மாவாகிறது என்று அர்த்தம். கொப்புளம் இருக்கிறதா, துரு எட்டிப்பார்க்கிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பாள். கடைசியில் நிறம் அளக்கும் கருவியைத் தகட்டின்மேல் குப்புற வைத்து அளவெடுப்பாள். வேலை இவ்வளவுதான். இந்த இவ்வளவுதானைச் செய்தே அவள் பிடரி கறுத்துவிட்டது.

தெருவில் யார் வீட்டுக் கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பதானாலும் அவளிடம் வந்து நிற்பார்கள். "பெயின்ட்டக்கா, எது நல்லா உழைக்கும்?" என்பார்கள். அவளும் மெனக்கெட்டு, முதலில் துருவைச் சுரண்டுங்கள், அப்புறம் அடிப்பூச்சு, அது காய்ந்ததும் மேல்பூச்சு என்று சொல்லுவாள். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு நேரே கடைக்குப் போய், இருப்பதிலேயே மலிவானதை வாங்கித் துருவின் மேலேயே அடிப்பார்கள். மறுவருஷம் அது செதிள் செதிளாக உரிந்தால், பெயின்ட்டக்கா சொன்ன பெயின்ட் என்று பெயர். மாடிவீட்டுக்காரியின் கேட்டைப் போய்ப் பாருங்கள்.

படித்தவள்தான் அவள். வேதியியலில் பட்டம் வாங்கியவள். ஆனால் வேலை தற்காலிகம். சேர்ந்தபோது மகள் கைக்குழந்தை. இப்போது அந்த மகள் அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள். தற்காலிகம் மட்டும் அப்படியே இருந்தது. நிரந்தரமாக்க ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். அவள் பெயரில் ஆய்வுக் கட்டுரை ஒன்றாவது வந்திருக்க வேண்டும்.

கட்டுரை என்றால் பள்ளிப் பிள்ளைகள் மழையின் நன்மைகள் என்று எழுதுகிற கட்டுரை இல்லை. செய்த சோதனையை எழுதி, செய்தது இன்னார் இன்னார் என்று மேலே பெயர் போட்டு, அதற்கென்று இருக்கும் பத்திரிகையில் அச்சிடுவது. அச்சாகிவிட்டால், வேறு எவர் அதே விஷயத்தை எழுதினாலும் 'இதை இன்னார் முன்பே சொல்லிவிட்டார்' என்று அந்தப் பெயரைச் சுட்டியாக வேண்டும். எத்தனை பேர் சுட்டினார்கள் என்று எண்ணித்தான் அந்த உலகத்தில் ஒரு மனிதரின் உயரத்தை அளக்கிறார்கள். பெயர் இல்லாதவருக்கு உயரமே இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பெயர்தான். அவளுடைய சொந்தப் பெயர். வேறு யாருடையதையும் கேட்கவில்லை.

கட்டுரை வராமல் இல்லை. மாடியில் அவள் செய்த வேலையிலிருந்து கட்டுரை மேல் கட்டுரையாக வந்தது. மேலே டைரக்டர் பெயர் இருக்கும், துணை டைரக்டர் பெயர் இருக்கும், எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் பெயர் இருக்கும். மாடி எந்தப் பக்கம் என்றே தெரியாத டைரக்டரின் நண்பர் பெயர்கூட இருக்கும். அவள் கேட்பாள். டைரக்டர் கோபப்படுகிற மனிதர் இல்லை. அதுதான் கஷ்டமே. சிரித்த முகமாகப் பதில் சொல்லுவார்.

"நாங்க யோசிச்சோம், நீங்க செஞ்சீங்க. கட்டுரைங்கறது யோசிச்சவங்களோடதும்மா. அடுத்ததுல பார்த்துக்கலாம்."

அந்த அடுத்தது வரவே இல்லை.

இதில் ஒரு கட்டுரைதான் பெரிதாகப் பேசப்பட்டது. இரண்டு வெள்ளைப் பெயின்ட்டை ஒப்பிட்ட கட்டுரை. ஒன்று ஒரு சின்ன ஆலைக்காரர் காய்ச்சிய எண்ணெய் வெள்ளை. இன்னொன்று பெரிய ஆலையின் வெள்ளை. இரண்டையும் தகட்டில் அடித்து மாடியில் வைத்தாள். முதல் நாள் அளவெடுத்த கருவி நடுவில் பழுதாகி, புதுக் கருவி வந்தது. புதுசு வேறு பாஷை பேசியது. பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் ஒட்டவில்லை. டைரக்டர் யோசித்துச் சொன்னார்: ஒவ்வொரு தகட்டுக்கும் ஜோடியாக இன்னொரு தகடு வெயிலே படாமல் இருட்டு இழுப்பறைக்குள் பத்திரமாக இருக்கிறதே, அதுதான் முதல் நாள் நிறம், வெயிலில் கிடந்ததை அதோடு ஒப்பிட்டால் போதும். நல்ல யோசனைதான். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. இழுப்பறையில் அந்த ஜோடிகளை அடுக்கி வைத்ததும் அவள் கைதான்.

ஒப்பிட்டுப் பார்த்தால், பெரிய ஆலை வெள்ளை ஜோடியோடு அப்படியே ஒத்துப்போனது. சின்ன ஆலை வெள்ளை ஒத்துப்போகவே இல்லை. இழுப்பறையில் இருந்தது தந்த நிறமாக இருந்தது, மாடியில் கிடந்தது பளீரென்று வெளுத்திருந்தது. வெயில் இதன் நிறத்தை உறிஞ்சிவிட்டது, இந்த வெள்ளை தாங்காது என்று கட்டுரை சொல்லிவிட்டது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'மொட்டைமாடிப் பணிகளில் உதவியவருக்கு நன்றி' என்று ஒரு வரி.

அதை வீட்டில் படித்துக் காட்டினாள். அவள் புருஷன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உதவியவருக்குன்னா அது நீதானா, இல்ல ஏணியப் புடிச்ச ஆளா?"

"ஏணியே கிடையாதுங்க. படி இருக்கு."

"அப்ப நீதான். சந்தோஷம்."

மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். வேறென்ன செய்வது.

சின்ன ஆலைக்காரர் ஒரு நாள் மாடிக்கே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. கட்டுரை வந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள், பள்ளிக்கூடத்தார் எல்லாரும் அவர் வெள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"எங்க அப்பா காலத்துலருந்து இதே பக்குவம்தாம்மா. என்ன குறைன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன்."

அவள் இரண்டு தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். மனிதர் வெகுநேரம் பார்த்தார். "இது எங்களோடதுதானா? நாங்க இவ்வளவு பழுப்பா காய்ச்சறதில்லையேம்மா," என்று இழுப்பறைத் தகட்டைக் காட்டிக் கேட்டார். பின்னால் எண் இருந்தது. எண்ணைக் காட்டினாள். எண்ணைத் தடவிப் பார்த்தார். இறங்கிப் போய்விட்டார். அவர் கேட்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் சரக்கை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் அந்த ஆலையைப் பூட்டிவிட்டார்கள் என்று காதில் விழுந்தது.

வருஷங்கள் போயின. ஆய்வுக்கூடத்து நூலகர் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டார். ஓய்வுபெறப் போகிற வயசு அவருக்கு. டைரக்டருக்கு ஏதோ பெரிய விருது கேட்டு எழுத வேண்டியிருந்தது. அதற்காக யார் யார் அவர் கட்டுரைகளைச் சுட்டியிருக்கிறார்கள் என்று எண்ணித் தரும் வேலை நூலகர் தலையில் விழுந்திருந்தது. மனிதர் எண்ணியதோடு நிற்காமல் படமும் வரைந்திருந்தார். வட்டம் வட்டமாக, வட்டத்துக்கு வட்டம் கோடு இழுத்து, சிலந்தி வலை மாதிரி.

"நடுவுல பெருசா இருக்கே, அது வெள்ளைக் கட்டுரை, தங்கச்சி. கோடு எல்லாம் அங்கதான் போகுது."

"இத்தனை பேரா படிச்சிருக்காங்க?"

"படிச்சாங்கன்னு யாரு சொன்னது? சுட்டியிருக்காங்க. ஒருத்தன் பக்க எண்ணைத் தப்பா போட்டிருக்கான். அவனைப் பார்த்து அடுத்தவன் அதே தப்பைப் போட்டிருக்கான். அவனைப் பார்த்து இன்னொருத்தன். பாதிப்பேர் கட்டுரையப் புரட்டிக்கூடப் பார்க்கல."

"பரீட்சைல பக்கத்து பெஞ்சப் பார்த்து எழுதற மாதிரி."

"அதேதான். பெஞ்சு மட்டும் நாடு விட்டு நாடு இருக்கு." நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிரிக்கறத விடு. இப்ப புது விதி வந்திருக்கு. கட்டுரைல யார் என்ன செஞ்சாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். விட்டுப்போன பேரச் சேர்க்கவும் வழி இருக்கு. விருது நேரம், உன்னப் பகைச்சுக்க மாட்டாங்க. இப்பவே கேளு."

அவள் கேட்டாள். டைரக்டர் முதல் தடவையாக அடுத்ததில் என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்மா, எழுதிக் குடுங்க," என்றார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்த நடையைப் பார்த்தே மகள் கண்டுபிடித்துவிட்டாள். நிரந்தரமானால் என்னென்ன செய்யலாம் என்று மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். அந்த வீட்டில் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு அலமாரியை நகர்த்தினார்கள். துணி துவைக்கிற மெஷின் வாங்கியிருந்தார்கள், அதற்கு இடம் வேண்டும். அலமாரிக்குப் பின்னால் இருந்தது இரண்டு அறைக்கும் நடுவே எப்போதும் சாத்தியே வைத்திருந்த கதவு. அந்தக் கதவுக்கு அடித்திருந்தது சோதனைக்கு வந்து மிஞ்சிய அதே எண்ணெய் வெள்ளை. மிச்ச டப்பாவைக் கேட்டு வாங்கி அவளே அடித்தது. அலமாரியை இழுத்ததும் கதவில் அலமாரி அளவுக்கு ஒரு மஞ்சள் கட்டம் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்ட மேல்பகுதி பால் வெள்ளை. இருட்டில் கிடந்த இடம் பழுத்த எலுமிச்சை.

"அழுக்கு," என்று புருஷன் ஈரத்துணியை எடுத்தார். துடைத்தார். போகவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு? இடுப்பு புடிச்சுக்கிச்சா?"

"வெயிலு இல்லங்க. இருட்டு."

"என்ன இருட்டு? ஏன்டி, உங்கம்மாவுக்குத் தண்ணி குடு."

அவளுக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. இழுப்பறைத் தகடுதான் கண்முன்னால் நின்றது. மாடியில் கிடந்தது வெளுக்கவே இல்லை. அது முதல் நாள் இருந்தபடிதான் இருந்தது. இருட்டில் பத்திரமாக வைத்த ஜோடிதான் மஞ்சளாகப் போயிருந்தது. எண்ணெய்ப் பூச்சுக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் அப்படி ஆகும். பெரிய ஆலையின் வெள்ளையில் எண்ணெய் கிடையாது, அதனால் அது இருட்டிலும் மாறவில்லை. முதல் நாள் நிறம் என்று நம்பி எதை வைத்து அளந்தார்களோ, அதுவே மாறியிருந்தது. இப்படியொரு தப்பை வெளியாள் யாரும் செய்ய மாட்டார்கள். பொத்திப் பொத்திப் பாதுகாக்கத் தெரிந்தவர்களால்தான் செய்ய முடியும்.

மறுநாள் இழுப்பறைத் தகட்டில் ஒரு பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி ஜன்னலில் வைத்தாள். சில வாரத்தில் வெளிச்சம் பட்ட பாதி வெளுத்து வந்துவிட்டது. காகிதத்துக்கு அடியில் இருந்த பாதி மஞ்சளாகவே கிடந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

வீட்டில் அதற்குப் பிறகு பேச்சு நன்றாக இல்லை.

"முதல்ல பேரு வரட்டும்," என்றார் புருஷன். "பேரு வந்து, வேலை நிரந்தரமாகி, அப்புறமா நிதானமாச் சொல்லு."

"தப்புன்னு தெரிஞ்ச கட்டுரைல எப்படிங்க பேரப் போடச் சொல்றது?"

"இத்தனை நாளா போடச் சொன்னியே."

"அப்ப தெரியாதே."

"உனக்கு மட்டும் ஏன் எல்லாம் கெட்ட நேரமாப் பார்த்துத் தெரியுது?"

அவர் கெட்டவர் இல்லை. அவரையும் இந்தத் தெரு சும்மா விடவில்லை, பெண்டாட்டி பேச்சுக்கு ஆடுகிறவர் என்று ஒரு பேச்சு, பெண்டாட்டியை அடக்கி வைத்தவர் என்று ஒரு பேச்சு. இரண்டையும் ஒரே வாய்தான் சொல்லியது. அவருக்குக் களைப்பு. அவ்வளவுதான்.

அவள் தகட்டை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனாள். அவர் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. ஒரே பார்வையில் புரிந்துகொண்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தகட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"ஊர் உலகமே ஒத்துக்கிட்ட விஷயம்மா இது. இப்ப போய்க் கிளறணுமா? விருது முடியட்டும்."

விருது முடிந்தது. மாலையோடு போட்டோ வந்தது. அவள் மறுபடி போனாள். அவர் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் அவளே பத்திரிகைக்கு எழுதினாள், இந்தக் கட்டுரையில் தப்பு இருக்கிறது, திருத்தம் போடுங்கள் என்று. மரியாதையாகப் பதில் வந்தது. திருத்தம் கேட்கும் உரிமை கட்டுரையை எழுதியவர்களுக்கு மட்டுமே உண்டு. தங்கள் பெயர் அதில் இல்லையே. பதிலின் நகல் ஒன்றை டைரக்டருக்கும் அனுப்பி வைத்திருந்தார்கள்.

பாருங்கள் நியாயத்தை. செய்த வேலையில் தப்பு நடந்தது என்று சொல்லக்கூட, அந்த வேலையைச் செய்தவள் அவள்தான் என்று வேறு யாராவது ஒத்துக்கொள்ள வேண்டும்.

டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் துணை டைரக்டரும் உட்கார்ந்திருந்தார். அவள் பயந்துகொண்டுதான் போனாள். ஆனால் உட்காரச் சொன்னார்கள், டீ வரவழைத்தார்கள்.

"நீங்க இத்தனை நாள் கேட்டதச் செஞ்சுடறோம்மா," என்றார் டைரக்டர். "உங்க பேரக் கட்டுரைல சேர்த்துடலாம். முதல் பேரா. திருத்தமும் போட்டுடலாம்."

துணை டைரக்டர் தாளை நகர்த்தினார். அவள் படித்தாள். யார் என்ன செய்தார்கள் என்று வரிசையாக இருந்தது. திட்டமிட்டது டைரக்டர். எழுதியது துணை டைரக்டர். தகடுகளைப் பாதுகாத்தது, அளவெடுத்தது, ஒப்பிட்டது அவள். கீழே திருத்தம்: தகடுகளைப் பாதுகாத்த முறையில் முதல் ஆசிரியரால் நேர்ந்த பிழை காரணமாக முடிவு செல்லாது. முதல் ஆசிரியர் என்றால் முதல் பெயர், அதாவது அவள்.

"இருட்டுல வைக்கச் சொன்னது, அதோட ஒப்பிடச் சொன்னது நீங்க சார். அதையும் ஒரு வரி சேர்த்துடுங்க."

"யார் சொன்னாங்கங்கறது வராதும்மா. யார் செஞ்சாங்கங்கறதுதான் வரும்."

"கட்டுரை வந்தப்ப அப்படி இல்லையே சார். யோசிச்சவங்களோடதுன்னுதானே சொன்னீங்க."

டைரக்டர் டீயை ஒரு மடக்குக் குடித்தார். கோபப்படவில்லை. "விருப்பம் இல்லன்னா விட்டுடலாம். கட்டுரை இருக்கறபடியே இருக்கட்டும்."

அவள் யோசித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் தப்பு அப்படியே இருக்கும். போட்டால் தப்பு வெளியே தெரியும், அவள் பெயரோடு. மூன்றாவதாக ஒரு வழி அந்த அறையில் இல்லை. தாளில் இருந்ததும் பொய் இல்லையே. இழுப்பறையில் அடுக்கியது அவள் கைதானே. சின்ன ஆலைக்காரர் கேட்டபோது எண்ணைக் காட்டியதும் அதே கைதானே. போட்டுவிட்டாள். டீ ஆறிப்போயிருந்தது.

இதைத்தான் பொய் அளவு எழுதி மாட்டிக்கொண்டாள் என்று சொல்கிறார்கள். அவள் எழுதிய அளவு ஒவ்வொன்றும் சரி. எதோடு ஒப்பிட்டார்களோ, அதுதான் சரியில்லை. இந்த வித்தியாசத்தை மாடிவீட்டுக்காரிக்குப் புரியவைக்க ஒரு ஜென்மம் போதாது.

அச்சில் பெயர் வந்தது. மகள் அதைக் கைபேசியில் எடுத்துக் காட்டினாள். "அம்மா, முதல் பேரே நீதான்." அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, போய்ப் படி," என்றாள்.

நிரந்தரம் செய்யும் கமிட்டி கூடியது. அவள் பெயரில் இருக்கும் ஒரே கட்டுரை செல்லாது என்று திருத்தப்பட்ட கட்டுரை, அந்தப் பிழையும் அவளுடையது. இப்படி ஒருவரை எப்படி நிரந்தரமாக்குவது என்று கமிட்டி கேட்டது. டைரக்டர் அவளுக்காகப் பரிந்து பேசினாராம். அதனால் தற்காலிகமாகவே தொடரட்டும் என்று விட்டார்கள். மாடி வேலை வேறு யாருக்கும் தெரியாதே.

ஆலைக்காரரைத் தேடிப் போனாள் ஒரு நாள். ஆலை இருந்த இடத்தில் வண்டிகள் நிறுத்தியிருந்தார்கள். அவர் தன் மகனுடைய வீட்டில் படுக்கையில் கிடந்தார். திருத்தம் வந்துவிட்டது, உங்கள் வெள்ளையில் குறை இல்லை என்று சொன்னாள்.

"அதான் நான் அன்னிக்கே சொன்னேனேம்மா," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நூலகர் ஓய்வுபெறுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை எண்ணிப் பார்த்தார், அவளுக்காக. இந்தத் தடவை படம் வரையவில்லை.

"சுட்டறது நிக்கல, தங்கச்சி. முன்ன மாதிரியேதான். அந்த எண்ணெய் வெள்ளை தாங்காதுன்னு இன்னும் எழுதிட்டேதான் இருக்காங்க."

"திருத்தத்த யாரும் சுட்டலையா?"

"ஒருத்தர் சுட்டியிருக்கார். அதையும் படிக்காமச் சுட்டியிருக்கார். கட்டுரையத் திருத்தம் உறுதிப்படுத்திடுச்சுன்னு எழுதியிருக்கார்." நூலகர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "முன்ன டைரக்டர் பேரச் சொல்லிச் சுட்டுவாங்க. இப்ப முதல் பேரு உன்னோடது. அதனால உன் பேரச் சொல்றாங்க."

இவ்வளவுக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போனாள். டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு, அதே பஸ்ஸில் ஏறி, அதே மாடிக்கு. வீட்டில் பேச்சு குறைந்துபோனது. புருஷன் ஏதாவது கேட்டால் பதில் சொல்லுவாள். மகள் ஏதாவது கேட்டால், என்ன கேட்டாய் என்று திருப்பிக் கேட்பாள்.

அப்புறம் ஒரு புதுச் சோதனை வந்தது. பெரிய சோதனை, பாலங்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் அடிக்கிற பூச்சுகள், அதில் எண்ணெய்ப் பூச்சும் உண்டு. துணை டைரக்டர் செய்முறைத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தகடுகளின் ஜோடிகளை இருட்டு இழுப்பறையில் பாதுகாக்கவும், வெயிலில் வைத்தவற்றை அவற்றோடு ஒப்பிடவும் என்று இருந்தது. இப்படிச் செய்யலாம் என்று முன்பே சொன்னவர் யார் என்பதற்கு, பக்கத்தில் அவள் பெயர் இருந்தது.

அவள் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இது தப்புன்னு நானே எழுதிக் குடுத்தேனே சார்."

"திருத்தத்த யாரு மேடம் தேடிப் படிக்கறாங்க? பணம் குடுக்கறவங்க செய்முறைக்கு ஆதாரம் கேட்பாங்க. நிறையப் பேர் சுட்டின கட்டுரைன்னா இதுதான் இருக்கு."

"எண்ணெய்ப் பூச்சு இருட்டுல மஞ்சளாகும் சார். மறுபடி அதே முடிவுதான் வரும்."

"வந்தா வரட்டுமே. எல்லாரும் எதிர்பார்க்கறதும் அதுதானே."

"நான் செய்யலன்னா?"

துணை டைரக்டர் அவளை வினோதமாகப் பார்த்தார். மிரட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "வேற யாராவது செய்வாங்க மேடம். உங்க பேர்லதான் செய்வாங்க."

அவர் போன பிறகு அவள் புதுத் தகடுகள் இருந்த பெட்டியைத் திறக்கவில்லை. கறுப்புத் துணியை உதறி மடித்து வைத்தாள். நிறம் அளக்கும் கருவியின் மூடியைப் போட்டாள். மாடிக்கு ஏறிப் பார்க்கலாமா என்று படிவரைக்கும் போனவள், ஏறாமல் திரும்பினாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஒருவர் இருந்தார், அவரும் ஓய்வுபெற்றுப் போயிருந்தார்.

வாசலில் காவலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, அரை நாள் லீவா?"

"இல்லண்ணே."

"அப்ப வெளிய போறதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் அதைத் தொடவில்லை. "நீங்களே என் பேர எழுதிக்குங்கண்ணே."

"நான் எழுதினா செல்லுமாம்மா?"

"செல்லும். இங்க அப்படித்தான்."

அவர் காதில் செருகியிருந்த பேனாவைச் சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் அவள் வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.